ஒன்பது மணி வயிற்றுவலி

அசகிரி வெந்நீரூற்று விடுதியில் காலை ஒன்பது மணி அடித்தால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஊருக்குக் கிளம்பும் விருந்தாளிகள் பெட்டியோடு வாசலுக்கு வருவார்கள். மினோரிக்கு வயிறு வலிக்கும். பத்தரை மணிக்குக் கடைசி விருந்தாளியும் கிளம்பிப் போன பிறகு வலி இருந்த இடம் தெரியாது. அதுவரை அந்தப் பதினொரு வயசுப் பெண், வேலைக்காரர்களுக்கான கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இதென்ன வலி, கடிகாரம் பாத்து வருது?" என்பாள் ஃபுமிகோ. இருபது வருஷமாக அங்கே அறை பெருக்கிப் படுக்கை விரிக்கிறவள். அவள் வாய்க்கு யாரும் இன்னும் பூட்டுக் கண்டுபிடிக்கவில்லை. "எனக்கும் இப்படி ஒண்ணு குடுக்கக் கூடாதா கடவுளே, பாத்திரம் கழுவற நேரமாப் பாத்து."

"சும்மா இரு ஃபுமிகோ. கொழந்தைய ஏன் வம்புக்கு இழுக்கறே?" என்பாள் கஸுயோ அத்தை.

அத்தைதான் விடுதியின் எஜமானி. மினோரியுடைய அப்பாவின் தங்கை. வலி வயிற்றில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எங்கே என்று தெரியாது. கேட்டால் பெண் தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த விடுதியில் விருந்தாளியை வழியனுப்ப ஒரு முறை இருந்தது. 'நன்றி, வணக்கம்' என்று வெட்டிவிடுகிற பேச்செல்லாம் அங்கே கிடையாது. சொந்த வீட்டு மனுஷரை அனுப்புகிற மாதிரி, "போய்ட்டு வாங்க!" என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களும் "போய்ட்டு வரேன்" என்பார்கள். பிறகு எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று கையாட்ட வேண்டும். வரிசையில் நிற்கிறவர்களில் ஒரே ஒருத்தர் கண்ணுக்காவது போகிறவர் தெரிகிற வரை யாரும் கையை இறக்கக் கூடாது. இதில் ஒரு சங்கடம். சமையல்காரர் கென்ஸோவுக்குக் கழுகுக் கண். வேன் பாலத்தைத் தாண்டி, அந்தப்பக்கத்து மரங்களுக்குள் நுழைந்து, மற்றவர்களுக்கு எல்லாம் மறைந்த பிறகும், "இன்னும் தெரியுது" என்பார் நிதானமாக.

"உங்க கண்ணுல கொள்ளிய வைக்க. தோள் கழண்டு போச்சு," என்று முணுமுணுத்தபடியே ஃபுமிகோ கையாட்டுவாள். முறை என்றால் முறை.

மினோரிக்கு இடைஞ்சல் கையாட்டுவதில் இல்லை. அந்த இரண்டு வார்த்தையில்தான் இருந்தது.

ஜூன் மாதம் வரை செண்டாய் நகரத்தில் அப்பாவும் அவளும் மட்டும் குடியிருந்தார்கள். அம்மா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே கண்ணை மூடிவிட்டாள். ஒருநாள் ஃப்ரிட்ஜில் மினோரி தன் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்த புட்டிங்கை அப்பா தின்றுவிட்டார். அவர் தபால்காரர். ஊரில் இருக்கிறவன் பெயரையெல்லாம் படித்துப் படித்துத் தபால் கொடுக்கிற மனுஷனுக்குத் தன் பெண்ணின் பெயர் மட்டும் கண்ணில் படவில்லையாம்! மறுநாள் காலை மினோரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அப்பா வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "போய்ட்டு வரேன்" என்றார். பதில் இல்லை. "மினோரி, போய்ட்டு வரேன்." பதில் இல்லை. "புட்டிங் மகாராணி, அடியேன் போய்ட்டு வரேன்!" சிரிப்பு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு சூப்புக் கிண்ணத்தையே பார்த்தாள். அன்று மத்தியானம் மழையில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு லாரியின் முன்னால் சறுக்கி விழுந்தது.

'போய்ட்டு வாங்க'ன்னு சொல்லியிருந்தா வந்திருப்பார். இதை மினோரி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் அவள் அதைச் சத்தியமாக நம்பினாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிறகு கண்டவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குச் சொல்லாததை எவனோ ஒரு விருந்தாளிக்கா சொல்வது?

செப்டம்பரில் அத்தை வீட்டுக்கு வந்தவள் குனிந்த தலை நிமிரவில்லை. யார் முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் கால்கள் தெரியும். அதுதான் வேடிக்கையான காரியத்தில் கொண்டுபோய் விட்டது.

விடுதியில் விருந்தாளிகள் படியேறும்போது ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கி அடுக்கி, வெளியே கிளம்பும்போது முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது ஹெய்கிச்சியின் வேலை. வேன் ஓட்டுவதும் அவர்தான். அக்டோபர் ஆரம்பத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. உட்கார முடியும், ஆகவே வேன் ஓட்ட முடியும். குனியத்தான் முடியாது. அன்று சாயங்காலம் ஆற்றோரம் உலாவக் கிளம்பிய நாலு பேருக்கும் ஃபுமிகோ ஷூவை மாற்றி மாற்றி வைத்தாள். பக்கத்தில் நின்ற மினோரி விரலை நீட்டி, "இது அவங்களோடது. அது இவரோடது," என்றாள் மெதுவாக.

"உனக்கெப்படிடி தெரியும்?" என்றாள் அத்தை.

"இவர் காலை இழுத்து நடப்பாரு. குதிகால் ஒரு பக்கமா தேஞ்சிருக்கு."

ஹெய்கிச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நான் முப்பது வருஷமா ஒவ்வொரு ஷூவுலயும் மரவில்லையில அறை நம்பர் போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கேன். இவ பாத்தே சொல்றா! வேலைய எடுத்துக்க பாப்பா."

எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்துவிடுவாள். சேறு துடைப்பாள், பாலிஷ் போடுவாள், ஈர ஷூவுக்குள் காகிதம் திணித்துக் காயவைப்பாள். முனகிக்கொண்டு கிடந்த பெண் சாப்பாட்டு வேளையில், "ஏழாம் நம்பர் அறைக்காரர் ஷூ புதுசு, காலைக் கடிக்குது, பாவம்" என்று வாயைத் திறக்கலானாள். அத்தைக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரத்தில் மினோரிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. மரவில்லை எதற்கு, என் தலையில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கட்டுவதையே விட்டுவிட்டாள். ஆனால் ஒன்பது மணிக்கு மட்டும் வயிற்றுவலி. அந்த நேரத்தில் ஃபுமிகோதான் ஷூக்களை எடுத்து வைத்தாள்.

இந்த லட்சணத்தில் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு கிழவர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஒரே ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்லோருக்கும் எழுபத்திரண்டு வயசு. எல்லோர் காலிலும் கறுப்பு ஷூ.

"வரிசையா நில்லுங்க! எண்ணிக்கை எடுக்கறேன்!" என்று கத்தியவர் நுமாதா. அறுபது வருஷத்துக்கு முன்னால் வகுப்புத் தலைவராக இருந்தவர். இன்னும் யாரும் அவரிடம் பதவி முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. "பதினொண்ணு! ஒருத்தன் எங்கடா?"

"உன்னைச் சேத்துக்கடா முட்டாளே," என்றார்கள் பின்னாலிருந்து.

மினோரி குனிந்து குனிந்து ஷூக்களை வாங்கினாள். நுமாதாவின் ஷூவில் குதிகாலில் இரும்புத் தகடு, நடந்தால் குதிரை வருகிற சத்தம். கடைசியாக வந்தவர் ஒல்லியாக இருந்தார், பெயர் குவபாரா. அவர் ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு செய்தித்தாள் உருண்டை தரையில் விழுந்தது.

"ஐயோ, குட்டு வெளிப்பட்டுச்சே," என்று அவர் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "என் வீட்டுக்காரி தள்ளுபடியில வாங்கினது பாப்பா. ஒரு அளவு பெருசு. சொன்னா மொகம் சுருங்கிடும்னு பேப்பரைத் திணிச்சுப் போட்டுக்கிட்டேன். 'எப்படி இருக்கு'ன்னா, 'கச்சிதம்'னேன். அவ்ளோ பெருமை அவளுக்கு. அடுத்த மாசமே போய்ட்டா. அப்புறம் யாருகிட்டப் போய் உண்மையச் சொல்றது?"

மினோரி உருண்டையைப் பொறுக்கி, இருந்த இடத்திலேயே திரும்பத் திணித்தாள். அந்த ஒரு ஜோடியை மட்டும் ஷூ அலமாரித் தட்டின் ஓரமாகத் தனியே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வழக்கம்போல் கழிப்பறைக்குள் போனாள். முதல் ரயிலுக்கு ஐந்து பேர் கிளம்பிப் போனது காதில் விழுந்தது. நுமாதா எண்ணிக்கை எடுத்தார். "போய்ட்டு வாங்க!" என்றது அத்தையின் குரல். கென்ஸோ, "இன்னும் தெரியுது" என்றார். கால் மணி நேரம் கழித்துக் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"பாப்பா, உன் வயித்துவலி இருக்கட்டும், வெளிய வா! ஒரு ஷூ மாறிப்போச்சு!" என்றாள் ஃபுமிகோ. அவள் குரலில் கேலியே இல்லை.

மீதி ஏழு பேருக்கு அடுத்த ரயில். அவர்களில் ஒருவரான குவபாரா, சிவந்த இலைகளைப் படம் எடுக்க முன்னதாகவே வாசலுக்கு வந்து, வெறும் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். "பரவால்ல, பரவால்ல. எல்லாம் கறுப்புதானே. எது இருந்தாலும் போட்டுக்கறேன்," என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை. தட்டின் ஓரம் காலியாக இருந்தது. தனியாக இருந்ததே என்று ஃபுமிகோ அதைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்கிறாள்.

மினோரி தட்டின் முன்னால் மண்டியிட்டாள். வில்லை கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஒன்பது மணிக்கு வாசலில் நின்றிருந்தாலும் நடந்திருக்காது. மிச்சமிருந்த ஏழு ஜோடியில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் இரும்புத் தகடு.

"நுமாதா ஐயா!" என்று கத்திவிட்டு அதையே இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வேன் போகிற சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். கற்படி வழியாக இறங்கினால் ஸ்டேஷன் பத்தே நிமிஷம். இலை உதிர்ந்து வழுக்குகிற படிகளில் மினோரி இரண்டிரண்டாகத் தாவினாள். கீழே நடைமேடையில் ஹெய்கிச்சி இடுப்பைப் பிடித்தபடி பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். ஐந்து கிழவர்களும் வரிசையில் நின்றார்கள், எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையோரமாகக் குனிந்தபடியே நடந்து நாலாவது ஜோடிக் காலடியில் நின்றாள். "இது உங்க ஷூ இல்ல."

"என்ன பொண்ணு இது? என் காலு எனக்குத் தெரியாதா? எழுவத்திரெண்டு வருஷப் பழக்கம்!" என்றார் நுமாதா.

"கால் உங்களோடதுதான். ஷூ குவபாரா ஐயாவோடது. கழட்டுங்க."

"நுமாதா, வேன் முழுக்க என்னடா பொலம்பின?" என்றார் பக்கத்தில் நின்றவர். "வெந்நீர் ஒத்துக்கல, காலு வீங்கிப்போச்சு, வெரலெல்லாம் முட்டுது, நாளைக்கே டாக்டர்கிட்டப் போறேன்னு..."

நுமாதா சந்தேகமாக ஷூவைக் கழற்றினார். மினோரி உள்ளே கைவிட்டுச் செய்தித்தாள் உருண்டையை எடுத்துக் காட்டினாள். நடைமேடையே சிரித்தது. "வீக்கம் எறங்கிடுச்சுடா! ஒரே இழுப்புல வைத்தியம் பண்ணிட்டா!" என்று முதுகில் அடித்தார்கள். தன் இரும்புத் தகட்டுக்குள் காலை நுழைத்துக்கொண்ட நுமாதா, எப்படியாவது பழிதீர்க்க வேண்டுமே என்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரி. என் காலைச் சொல்ல வந்தியே, நீ என்னத்த மாட்டிக்கிட்டு வந்திருக்கே?"

மினோரி குனிந்து பார்த்தாள். ஊதா நிறச் செருப்பு. இரண்டிலும் கொட்டை எழுத்தில் 'கழிப்பறை' என்று எழுதியிருந்தது. கழிப்பறை வாசலைத் தாண்டி ஒரு அடிகூட வரக்கூடாத செருப்பு, மலையிறங்கி ரயில் நிலையம் வரை வந்துவிட்டது. பயணச்சீட்டுக் கொடுக்கிறவர்கூட எட்டிப் பார்த்தார். அவளுக்கு முகம் சிவந்து, காது சிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் மாதம் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் அடக்கி வைத்த சிரிப்பும் சேர்ந்து வந்ததோ என்னவோ, வயிறு நிஜமாகவே வலிக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

ரயில் வந்தது. ஐந்து பேரும் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டி, "போய்ட்டு வரோம் பாப்பா!" என்றார்கள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தொண்டையில் முள். ரயில் நகர்கிற வரை அவள் தலையைத் தாழ்த்தி வணங்கிக்கொண்டே நின்றாள்.

திரும்பும்போது வேனில் குவபாராவின் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு என் மேலதான் மாமா. வில்லை கட்டல," என்றாள்.

"ஆமா, உன் மேலதான்," என்றார் ஹெய்கிச்சி. ஆறுதல் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "நாளையிலேருந்து கட்டு. ஒம்பது மணிக்கு நீயே எடுத்து வை. வாங்கி வச்ச கைதான் எடுத்துக் குடுக்கணும்."

"வயிறு வலிக்குமே."

"வலிச்சுட்டுப் போகட்டும். எனக்கு இடுப்பு வலிக்கல? வண்டி ஓடல?"

குவபாரா அத்தை கொடுத்த மாற்றுச் செருப்பைத் தொடவே இல்லை. வாசல்படியில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். ஷூவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மினோரி அதைத் தரையில் வைத்து, முனையை வாசல் பக்கம் திருப்பினாள். அவர் உள்ளே விரலை விட்டு உருண்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் காலை நுழைத்தார்.

"எது இருந்தாலும் போட்டுக்கறேன்னீங்களே," என்றாள் ஃபுமிகோ மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அது சும்மா மரியாதைக்குச் சொன்னதும்மா."

மினோரி எழுந்திருக்கவில்லை. அவருடைய ஷூ நாடாவைப் பார்த்தபடியே கேட்டாள். "ஐயா, அவங்ககிட்ட அப்புறம் சொல்லவே இல்லையா? பெருசுன்னு?"

"சொல்லாம? தினமும் காலையில போட்டோ முன்னாடி நின்னு சொல்றேன். 'ஏ புள்ள, ஒரு அளவு பெருசு'ன்னு."

"லேட்டாச் சொன்னா... கோச்சுக்க மாட்டாங்களா?"

"கோச்சுக்கறதா? நல்லாச் சிரிப்பா. லேட்டானா என்ன, பேச்சு என்ன தோஃபுவா, ரெண்டு நாள்ல புளிச்சுப்போறதுக்கு?" என்று எழுந்து, இரண்டு தரம் தரையைத் தட்டிப் பார்த்தார். "கச்சிதம்."

பெட்டிகள் ஏறின. ஏழு பேரும் வேனில் ஏறினார்கள். வாசலில் அத்தை, ஃபுமிகோ, கென்ஸோ மூவரும் வரிசையில் நின்றார்கள். ஒரு இடம் தள்ளி மினோரியும் வந்து நின்றாள். அத்தை திரும்பிப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலில் இருந்த ஊதாச் செருப்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட காரியமில்லை.

"போய்ட்டு வாங்க!" என்றார்கள் மூன்று பேரும்.

"போய்ட்டு வரேன்!" என்றார் குவபாரா ஜன்னலில். வேன் நகர்ந்தது. மினோரியின் கை மேலே போய்விட்டது, வாய் திறக்கவில்லை. அவளிடமிருந்து மட்டும் பதில் வரவில்லை என்று அவர் கண்டுகொண்டார் போலிருக்கிறது. வளைவில் தலையை இன்னும் வெளியே நீட்டி, "ஷூக்காரப் பாப்பா, போய்ட்டு வரேன்!" என்றார். பாலத்தின் மேல் வேன் ஏறியது. உள்ளேயிருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், ஆற்றுச் சத்தத்துக்கு மேலே மூன்றாவது தரமும் கத்தினார். "போய்ட்டு வரேன்!"

மூன்று தரம்.

மினோரி தலையை நிமிர்த்தினாள். குவபாராவின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தாள். தூரத்தில் சின்னதாக, சிரித்துக்கொண்டு இருந்தது.

"போய்ட்டு வாங்க!" என்று கத்தினாள். குரல் கிறீச்சிட்டு உடைந்து, மலையில் மோதித் திரும்பி வந்தது. ஃபுமிகோ திடுக்கிட்டுப் போனாள்.

வேன் மரங்களுக்குள் நுழைந்தது. அத்தைக்கு மறைந்தது. ஃபுமிகோவுக்கு எப்போதோ மறைந்திருந்தது. கடைசியில் கென்ஸோவும், "அவ்ளோதான்," என்று சொல்ல, மூன்று கைகள் இறங்கின.

நாலாவது கை இறங்கவில்லை. மினோரி காலியான சாலையைப் பார்த்து, இந்தத் தடவை கத்தாமல், பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "போய்ட்டு வாங்கப்பா."

அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இறக்கிய கையைத் திரும்பத் தூக்கி ஆட்டத் தொடங்கினாள். கென்ஸோ சாலையைப் பார்த்தார், எஜமானியைப் பார்த்தார், அவரும் தூக்கினார்.

"யாரு போறாங்க இப்ப?" என்றாள் ஃபுமிகோ. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. தோளைத் தடவிக்கொண்டே கையைத் தூக்கினாள். நாலு பேரும் ஆளில்லாத சாலையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெகுநேரம் ஆயிற்று. "பாப்பா," என்றாள் ஃபுமிகோ மெதுவாக, "இன்னும் தெரியறாரா?"

"தெரியறார்," என்றாள் மினோரி.

"அப்ப சரி," என்று ஃபுமிகோ இன்னும் உயரமாக ஆட்டினாள்.

பாலத்தின் மேல் இரண்டு சிவந்த இலைகள் விழுந்தன. ஆற்றில் ஒரு கொக்கு இடம் மாறி நின்றது. மினோரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்ட்டார்," என்று சொல்லிவிட்டுக் கையை இறக்கினாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறக்கினார்கள்.